படுக்கை விரித்தவரின் மகன்

மொன்றியலுக்கு வந்த முதல் இரண்டு வருடம் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினேன். விரிப்பை இழுத்து, மூலை மடித்து, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு அடுத்த கதவுக்கு ஓட வேண்டும். மேற்பார்வையாளருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டு எழுத்தாக வெட்டி, சட்டையில் குத்தும் அட்டையிலும் அதையே எழுதித் தந்தார்.

அந்த நாட்களில்தான் டானியல் பீற்றர்சனைப் பற்றி அறிந்தேன். அவருடைய மகன், ஜாஸ் கலைஞர் ஒஸ்காரின் பியானோவைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

டானியல் கரீபியனிலிருந்து வந்தவர். கனடியன் பசிபிக் ரயிலில் போர்ட்டர். படுக்கை விரிப்பது, சப்பாத்து மினுக்குவது, பயணிகளின் பெட்டி சுமப்பது எல்லாம் அவர் வேலை. அந்த வேலையிலிருந்த கறுப்பர்களைப் பயணிகள் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். ரயில்களின் படுக்கைப் பெட்டிகளை நடத்திய ஜோர்ஜ் புல்மனின் பெயர் அது. எசமானின் பெயரால் அடிமையை அழைத்த காலத்தின் மிச்சம்.

போர்ட்டர்களின் குடும்பங்கள் ரயில் நிலையங்களுக்குக் கிட்ட, மொன்றியலின் லிற்றில் பேர்கண்டிப் பகுதியில் இருந்தன. ஒஸ்கார் 1925இல் பிறந்தார். அப்பா பயணம் புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இசைப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இடைப்பட்ட நாட்களில் அக்கா டெய்சிதான் பக்கத்தில் இருந்து பழக்கினார். பின்னாளில் பெயரெடுத்த பியானோக் கலைஞர் ஒலிவர் ஜோன்ஸுக்கும் அவரே ஆசிரியை. ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த அக்காவை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

சின்ன வயதில் ஒஸ்கார் ட்ரம்பெற்றும் ஊதினார். காசநோய் வந்து நெஞ்சு பழுதாக, பியானோ மட்டும் மிஞ்சியது. கெட்டிக்காரன் என்ற எண்ணம் பையனுக்குத் தலைக்கேறியபோது, அப்பா ஜாஸ் பியானோக் கலைஞர் ஆர்ட் டேட்டமின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தான் பையன். ஒருவர்தான், அவருக்குக் கண்பார்வையும் மிகக் குறைவு என்று அறிந்தபின் பல வாரம் பியானோவைத் தொடவேயில்லை. பிறகு ஹங்கேரியரான போல் டி மார்க்கியிடம் போனான். அவருடைய ஆசிரியர், இசைமேதை லிஸ்ட்டிடம் படித்தவர். குரு பரம்பரை என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். ஒஸ்காரின் விரல்களில் டேட்டமும் லிஸ்ட்டும் சேர்ந்தே ஓடுகிறார்கள்.

ஒஸ்கார் சிறுவனாக இருந்த அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மதுவிலக்கு, 1920 முதல் 1933 வரை. குடிக்கவும் பாட்டுக் கேட்கவும் ஆட்கள் ரயிலேறி மொன்றியலுக்கு வந்தார்கள். செந்த் அந்துவான் தெருவில் 1928இல் 'ரொக்ஹெட்ஸ் பரடைஸ்' என்ற விடுதியைத் திறந்த ரூஃபஸ் ரொக்ஹெட், ஜமேக்காவிலிருந்து வந்தவர், முன்னாள் போர்ட்டர். இந்த நகரத்தின் ஜாஸை எந்தப் பக்கம் தோண்டினாலும் ஒரு போர்ட்டர் வந்து நிற்கிறார்.

1949இல் நோர்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்க இசை ஏற்பாட்டாளர், மொன்றியல் விமான நிலையத்துக்கு டாக்சியில் போய்க்கொண்டிருந்தார். வானொலியில் ஒரு பியானோ. எந்த இசைத்தட்டு என்று கேட்டார். தட்டு இல்லை, அல்பேர்ட்டா லவுஞ்சில் இப்போது வாசிக்கிறார்கள் என்றார் ஓட்டுநர். டாக்சி திரும்பியது. அந்த லவுஞ்ச் இருந்தது கனடியன் பசிபிக்கின் வின்ட்சர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அதே செப்டெம்பரில் ஒஸ்கார் நியூயோர்க் கார்னகி அரங்கில் வாசித்தார். விளம்பரத்தில் அவர் பெயரைப் போட முடியவில்லை. பார்வையாளர்களுக்குள் இருத்தி வைத்து, மேடைக்குக் கூப்பிட்டார் கிரான்ஸ்.

1962 டிசம்பரில் ரே பிரவுன், எட் திக்பென் ஆகியோருடன் 'நைற் ட்ரெயின்' தட்டைப் பதிவுசெய்தார் ஒஸ்கார். அதன் கடைசியில் வருவது 'ஹிம் டு ஃப்ரீடம்'. சிறுவயதில் தேவாலயத்தில் கேட்ட பாட்டுகளின் சாயலில் தணிந்து தொடங்கி, மெல்ல மெல்ல எழும். அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் அதைத் தன் பாட்டாகவே எடுத்துக்கொண்டது.

'இரவு ரயில்' என்ற அந்தத் தட்டைத் தன் அப்பாவுக்குக் காணிக்கையாக்கினார் ஒஸ்கார். வீட்டில் நான் அதைப் போடும்போது, பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது வாசிக்கிறவரின் பெயரை அல்ல. ரயிலில் ஜோர்ஜ் என்று கூப்பிட்டார்களே, அவருடைய பெயர் டானியல் என்பதைத்தான்.