வேண்டுதலை முடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

திருத்தணி மலைக்கு வேண்டுதல் முடிக்க வருகிறவர்களில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். முருகன் சந்நிதியில் அவர்கள் கண்கலங்கி நிற்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் படியிறங்கும்போது சிலர் சொல்வதுதான் வயிற்றைக் கலக்குகிறது: "ரிப்போர்ட் நல்லா வந்துடுச்சு. இனி ஆஸ்பத்திரி பக்கமே போகவேண்டாம்."

ரிப்போர்ட் நல்லா வந்தால் நோய் ஒழிந்துவிட்டது என்று பொருளல்ல. மருத்துவர்கள் 'ரெமிஷன்' என்று சொல்வது, சோதனையில் நோய் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்ட நிலையைத்தான். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி நோய் அணுக்கள் இருக்கும். முதல் ஒரு மாத சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜையில் அவை 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பிள்ளை சாப்பிடும், விளையாடும். ஆனாலும் நுண்ணோக்கிக்குச் சிக்காமல் ஆயிரம் கோடி அணுக்கள் வரை மிச்சமிருக்கலாம். அவற்றைத் தீர்க்கத்தான் இரண்டு, மூன்று வருட சிகிச்சை.

போன வருடம் முடியிறக்கும் இடத்தில், ஆந்திர எல்லையைத் தாண்டி நகரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஐந்து வயதுப் பையன். மருந்தில் கொட்டிப்போன முடி, பூனைமுடி போல மெத்தென்று அப்போதுதான் முளைத்திருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள் தாய். "மாத்திரை ஓடுதாம்மா?" என்று கேட்டேன். "புள்ள நல்லா ஓடியாடுறான், எதுக்கு அந்தக் கசப்புன்னு நிறுத்திட்டோம் ஐயா" என்றாள். ஆஸ்பத்திரி நோட்டை வாங்கிப் பார்த்தேன். வரச்சொன்ன தேதி தாண்டியிருந்தது. முடியை இறக்கிவிட்டு, மறுநாள் காலை முதல் ரயிலுக்கே சென்னைக்குப் போங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன். போனார்கள்.

அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை பாஸ்டனில் சிட்னி பார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் அடங்கியது. 1948-ல் இந்த முடிவு வெளியானது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. ஒரே மருந்தும், இடையில் நிற்கிற சிகிச்சையும் போதாது என்று மருத்துவர்கள் கற்றது அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான். அந்த மருந்தின் தம்பி மெத்தோட்ரெக்சேட். இன்று பிள்ளைகள் வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரை அதுதான். தெலுங்கு மண்ணில் பிறந்தவரின் உழைப்பை, எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, கசப்பென்று நாம் தூக்கிப் போடலாமா?

பெரியவர்களுக்கு வரும் கட்டிகளும் இப்படித்தான், அடங்கிய பிறகும் திரும்பலாம். மார்பகப் புற்றுநோயில் சில வகை ஐந்து வருடம் கழித்தும் தலைகாட்டும்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. நோய் அடங்கியவரை மூலையில் உட்காரவைத்துப் பத்தியச் சோறு போடுவதும் தவறே. பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், பெரியவர் வேலைக்குப் போகட்டும். சொன்ன தேதியில் மருத்துவரிடமும் போகட்டும். செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் உள்ள ரயில் கட்டணச் சலுகை சிகிச்சைக்கு மட்டுமல்ல, மறுபரிசோதனைக்குப் போகும்போதும் உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.