ஆடாத ஆட்டக்காரி

சென்ற ஞாயிறு வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கப் போனவன், வாலிபால் பந்தயம் பார்த்துவிட்டுத் திரும்பினேன் என்றால், வாசகிகளே, நீங்கள் சிரிப்பீர்கள். என் மனைவி சிரிக்கவில்லை. ஏழடி உயரத்தில் நிற்கும் சுவாமிக்கு ஐந்து நிமிஷம், பந்தயத்துக்கு இரண்டு மணி நேரமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா பெண் அல்லவா ஆடுகிறாள்! 'ஆடுகிறாள்' என்றது தப்பு. ஆறு பேர் ஆடினார்கள். அவள் மாற்று ஆட்டக்காரி. பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாளா என்றால், அதுவும் இல்லை. மைதானத்தின் மூலையில் இடுப்பை வளைப்பதும், நின்ற இடத்திலேயே ஓடுவதும், எம்பிக் குதிப்பதுமாக இருந்தாள்.

"அந்தப் பெண்ணை எறும்பு கடித்துவிட்டதா, என்ன?" என்றாள் பக்கத்திலிருந்த ஓர் அம்மாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரி நாட்களில் நானும் ஒரு பெஞ்சிப் புலி. ஒரு பந்தயத்தில் முக்கால் மணி நேரம் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கூப்பிட்டார்கள். ஓடினேன், ஒரே ஒரு தடவை எம்பினேன். பின்தொடையில் சுரீரென்றது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் நொண்டினேன்.

அடுப்பை அணைத்து ஆறிய கல்லில் தோசை வார்த்துப் பாருங்கள். தசையும் அப்படித்தான். கால்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றி 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இடைவேளையில் சும்மா உட்கார்ந்தவர்களின் தசைச் சூடு சுமார் 2 டிகிரி இறங்கிவிட்டது. ஓட்டத்தின் வேகமும் குறைந்தது. அந்த நேரத்தில் லேசாக ஓடியவர்களுக்கோ வேகம் குறையவில்லை. வாலிபால் விதிகளே மாற்று ஆட்டக்காரர்கள் பந்தில்லாமல் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள மூலையில் இடம் ஒதுக்கியிருக்கின்றன. அது தெரியாமல் கடலை தின்றேனே!

சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துக்கொண்டேன். 2020-ல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவரை முதலில் தேர்ந்தெடுத்தது, வலைப்பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போடுவதற்கு. நம் சென்னை வாஷிங்டன் சுந்தரோ, டி20 ஆட்டங்கள் முடிந்த பிறகும் வலைப்பயிற்சிக்காக அங்கேயே தங்கியவர். பெரிய ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயப்பட்டார்கள். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் இருவருமே முதல் டெஸ்டில் இறங்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் 62 ரன்னும் எடுத்தார். இந்தியா ஜெயித்தது. கூப்பிட்ட பிறகு உடம்பைத் தயார் செய்ய அவர்களுக்கு ஏது அவகாசம்?

இரண்டாவது செட்டில் 22-22 என்றிருக்கும்போது அக்கா பெண்ணைக் கூப்பிட்டார்கள். ஸர்வீஸ் போட்டாள், ஒரு பாயிண்ட். இன்னொன்று, அதுவும் பாயிண்ட். மூன்றாவது வலையில் இடித்தது. வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். மொத்தம் நாலு நிமிஷம் இருக்குமா? எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

செட்டை அவர்கள் கட்சி ஜெயித்தது. அருகே போய், கோயில் வாசலில் வாங்கிய கடலைப் பொட்டலத்தை நீட்டினேன்.

"இப்போ வேண்டாம் மாமா, இன்னும் ஒரு செட் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூலைக்குப் போய் மறுபடியும் குதிக்க ஆரம்பித்துவிட்டாள்.