இருபது சொச்சம் பேர்

ஆங்கில அறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. இலக்கணப் பிழைகளைவிட அதில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பவை உத்தேசக் கணக்குகள்தான். ‘அப்ராக்ஸிமேட்லி 1,347 பேர் பயனடைந்தனர்’ என்றிருக்கும். தலைக்குத் தலை எண்ணியாகிவிட்டது. அப்புறம் எதற்கு அப்ராக்ஸிமேட்லி? நாளைக்கு ஆடிட்டர் 1,346 என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. 1802இல் நம் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் அளக்கத் தொடங்கிய நில அளவைதான் பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தையும் கணக்கிட்டது. 1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கில் வந்தது சரியாக 29,000 என்றும், ஏதோ குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று உலகம் நினைத்துவிடுமே என்று அப்போது அளவைக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ வாஹ் இரண்டு அடியைக் கூட்டிவிட்டார் என்றும் சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், ரவுண்டான எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வருவது உண்மைதானே. சுமார் என்று சொல்லாமலே அது சுமார்தான்.

‘ஆர் ஸோ’ ஒட்டுவதும் அத்தகைய எண்களோடுதான். ‘ட்வென்ட்டி ஆர் ஸோ’ சரி, ‘எ வீக் ஆர் ஸோ’வும் சரி. ‘தர்ட்டி செவன் ஆர் ஸோ’ என்றால் காதில் இடறும். முன்னால் ‘அபௌட்’, பின்னால் ‘ஆர் ஸோ’ என்று இரண்டையும் போடுகிறவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குடையும் பிடிக்கிறவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆட்’. ‘ட்வென்ட்டி ஆர் ஸோ’ பதினெட்டாகவும் இருக்கலாம், இருபத்திரண்டாகவும் இருக்கலாம். ‘ட்வென்ட்டி-ஆட்’ இருபதுக்குக் கீழே இறங்காது. நம் சொச்சம் அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் நடுவில் அந்தச் சிறு கோடு அவசியம். ‘ட்வென்ட்டி-ஆட் பீப்பிள்’ என்பதில் அதை விட்டுவிட்டால் இருபது பேரும் விசித்திரப் பிறவிகளாகிவிடுவார்கள். ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையில் நிர்வாகக் குழுவைப் பற்றியே கோடில்லாமல் அப்படி வந்திருந்தது. அந்தக் குழுவின் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன் என்பதால், திருத்தத்தான் வேண்டுமா என்று சற்று யோசித்தேன்.

நம்மைக் காட்டிக்கொடுப்பது ‘செவன் எயிட் பீப்பிள்’. ஏழெட்டுப் பேர் தமிழில் எவ்வளவு இயல்பாக உட்காருகிறார்கள்! ஆங்கிலத்தில் அவர்களுக்கு நடுவே ஒரு ‘ஆர்’ வேண்டும். பேச்சில் நான் இதைத் திருத்துவதில்லை. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் புரிந்த பிறகு நடுவில் நான் யார்? லண்டனில் நிதி கொடுப்பவர் படிக்கிற அறிக்கை என்றால் மட்டும் ‘ஆர்’ போட்டுவிடுவேன்.

‘செவனிஷ்’ போன்றவை அறிக்கைப் பக்கம் வருவதில்லை, வந்தால் அடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் நண்பர்கள் அனுப்புவதுதான் சிக்கல். செவனிஷ் என்று வந்தால் நான் ஏழே காலுக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறேன். அப்போதும் நான்தான் முதல் ஆள்.