டீச்சரின் துப்பறியும் நாவல்

பிள்ளைகளே, துப்பறியும் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நோட்டுக் கட்டுக்கு அடியில் நான் ஒளித்து வைத்த நாவலைக் கண்டுபிடித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள்!

போன வாரம் பேத்தி கொடுத்தது ஜோசஃப் ஹான்சனின் 'ஃபேட்அவுட்'. 1970இல் அமெரிக்காவில் வந்த நாவல். கதாநாயகர் டேவ், கலிஃபோர்னியாவில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மரணங்களை விசாரிப்பவர். பல வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவரும் ஓர் ஆண்தான். அந்த ராட் புற்றுநோயில் போய்விட்டார். முதலில் கொஞ்சம் நெளிந்தேன், மறைப்பானேன். பிறகு வழக்கை விட்டுவிட்டு டேவின் துக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் போனபின் அவர் சட்டைகளை மடித்து மடித்து வைத்தேனே, அதே வெறுமை.

படிக்கும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தான். அவன் நடையைப் பார்த்து எல்லோரும் கேலி செய்வார்கள். நான் அதட்டவில்லை. ஒருநாள் நானும் சிரித்துவிட்டேன். அதன்பின் அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அவன் யாரை விரும்பினான் என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தம்பி, இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடப்பா.

புத்தகம் வீட்டில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எடுத்துப் போங்கள். கொலையாளி யாரென்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.