ஜூன் சோதனைக்கு முன்பே முடிந்துவிடும் சோதனை

பாரிசின் லா சப்பலிலோ புறநகரான லா கூர்நெவிலோ உள்ள ஈழத்தமிழர் வீட்டில் பிள்ளை பள்ளியின் கடைசி வகுப்பான 'தெர்மினால்' ஏறியதும், பேச்சு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிடும். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலால் இடம் கைநழுவியவர்களும், பின்னாளில் மாவட்ட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோனவர்களும் உறவுக்குள்ளேயே இருப்பார்கள். ஒரு பரீட்சை, ஒரு பெறுபேறு, ஒரு வெட்டுப்புள்ளி. அந்தக் கணக்கோடுதான் பெற்றோர் பிரான்சின் 'பாக்' (பக்கலோரேயா) என்ற பள்ளியிறுதிப் பரீட்சையையும் பார்க்கிறார்கள். ஜூனில் சோதனை, ஈஸ்டர் விடுமுறையில் டியூஷன் போட்டால் போதும் என்று நம்புகிறார்கள்.

அந்தக் கணக்கு இங்கே பிழைத்துப்போகிறது.

நெப்போலியன் காலத்தில், 1808இல் நிறுவப்பட்ட பக்கலோரேயா நெடுங்காலம் வசதியுள்ள சிலரின் சொத்தாக இருந்தது. 1985இல் கல்வி அமைச்சர் ஷெவன்மோ, ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் 80 விழுக்காட்டினர் பாக் நிலைக்கு வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். தொழிற்கல்விக்கான பாக்கும் அந்த ஆண்டே வந்தது. இப்போது எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சித்தியடைகிறார்கள். சித்தி பெரிய விஷயமாக இல்லாமல் போனபோது, அடுத்து எங்கே இடம் என்பது பெரிய விஷயமாகிவிட்டது.

2017இல் நெரிசல் மிகுந்த சில பல்கலைக்கழகத் துறைகளுக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். நாடே கொதித்தது. மறு ஆண்டு 'பார்கூர்சுப்' என்ற இணைய வழி அனுமதி முறை வந்தது. 2021இல் பாக்கின் அமைப்பும் மாறியது. அறிவியல், பொருளியல், இலக்கியம் என்றிருந்த மூன்று பிரிவுகள் போய், மாணவரே சிறப்புப் பாடங்களைத் தெரிவுசெய்யும் முறை வந்தது. மொத்தப் புள்ளியில் 40 விழுக்காடு கடைசி இரண்டு ஆண்டுகளின் வகுப்பு மதிப்பீட்டுக்கு. இரண்டு சிறப்புப் பாடங்களுக்குத் தலா 16. நடுவர்கள் முன் 20 நிமிடம் பேசும் 'கிராந்த் ஓரால்' புதிதாகச் சேர்ந்தது.

பார்கூர்சுப்பில் பார்க்கப்படுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளின் வகுப்பு அறிக்கைகள்தான். வசந்த காலத்திலேயே விண்ணப்பம் மூடிவிடும். ஜூன் நடுவில் மெய்யியல் தாள் எழுதப் போகும்போது பல பிள்ளைகளுக்கு இடம் கிடைத்திருக்கும். 2023இல் சிறப்புப் பாடத் தேர்வுகளை மார்ச்சுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். அதன் பிறகு வகுப்புகள் காலியாகின்றன என்று ஆசிரியர்கள் முறையிட, அடுத்த ஆண்டே ஜூனுக்குத் திரும்பினார்கள்.

கதவைத் திறக்கும் முயற்சிகளும் உண்டு. 2001இல் சியான்ஸ் போ உயர்கல்வி நிறுவனம், ரிஷார் தெக்குவான் தலைமையில், வசதி குறைந்த பகுதிகளின் 7 பள்ளிகளோடு ஒப்பந்தம் செய்து, வழமையான எழுத்துத் தேர்வு இல்லாமல் பிள்ளைகளை எடுத்தது. கடும் எதிர்ப்பு வந்தது. 2021இல் எழுத்துத் தேர்வை எல்லோருக்குமே எடுத்துவிட்டார்கள். பார்கூர்சுப்பிலும் அரச உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. இளங்கலைப் பதிவுக் கட்டணமோ ஆண்டுக்கு 200 யூரோவுக்கும் குறைவு.

ஆனால் எந்த இரு சிறப்புப் பாடங்களைக் கடைசிவரை வைத்திருப்பது, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பவற்றை, இங்கேயே படித்து வந்த பிரெஞ்சுப் பெற்றோர் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். இரவில் உணவக வேலை முடித்து வரும் தமிழ்த் தகப்பனால் அது முடியாது. போதாததற்கு, தமிழ்ச்சோலை என்ற தமிழ்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மேலதிகப் புள்ளி தந்த தமிழ் விருப்பத் தேர்வும் 2021இன் மாற்றத்தோடு போய்விட்டது. சீர்திருத்தம் வாசலை அகலப்படுத்தியது உண்மை. வழி தெரிந்தவருக்கே அதனால் கூடுதல் பயன் என்பதும் உண்மை.

ஆகவே டியூஷன் காசு கட்டுவதற்கு முன், பெற்றோர் பதினைந்து வயதிலேயே பிள்ளையின் வகுப்புப் பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்க்கவேண்டும். மொழி தடையென்றால் மூத்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பார்கூர்சுப்பில் ஏற்கெனவே தேறிய பல்கலைக்கழக மாணவர்கள் நம் சங்கங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெற்றோர் முன் பேச வைப்பது சங்கங்களின் பொறுப்பு.