ஏரிக்கரையில் ஒரு கேள்வி

ஆஸ்திரியா தேசத்து ஆல்ப்ஸ் மலையில் ஹால்ஷ்டாட் என்று ஓர் ஏரிக்கரைச் சிற்றூர் உண்டு. 1846-ஆம் ஆண்டு முதல் அங்கே தோண்டப்பெற்ற பழைய ஈமக்காட்டின் சிறப்பால், ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கே அவ்வூர்ப் பெயரை இட்டார்கள். அதன் படத்தைக் கண்ட நம் குழந்தை, "அப்பா, நமக்கு இப்படி ஓர் ஊர் இல்லையா?" என்று கேட்டாள். சென்ற கோடையில் தருமபுரியிலிருந்து நாம் ஏற்காட்டுக்குப் புறப்பட்டதற்கு இதுவே காரணம்.

தொப்பூர்க் கணவாயைக் கடந்து, சேலம் சேர்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினோம். ஏரியில் பனி படர்ந்திருந்தது. படகில் அமர்ந்ததும் நாம் உற்சாகமாகச் சரித்திரம் சொல்லத் தொடங்கினோம்: "1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரைதான் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். ஏற்காட்டைக் கண்டுபிடித்தவரே அவர்தான்."

"அப்படியானால் அதற்கு முன் இங்கே ஒருவருமே இல்லையா, அப்பா?"

நாம் திகைத்தோம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்றே. அத்தமிழ்ப் பெயரை வைத்தவர் யார்? சேர்வராயனைக் குலதெய்வமாக வணங்கி, மலைச் சரிவில் தினையும் சாமையும் விதைத்த மலையாளி மக்களை நாம் ஒரே வார்த்தையில் இல்லாமற் செய்துவிட்டோம்!

மறுநாள் ஒரு மலைச் சிற்றூருக்கு நடந்தோம். மரத்தடிப் பிள்ளையார் முன் வழவழப்பான கற்கள் சில இருந்தன. "இது என்ன கல், ஐயா?" என்று அங்கிருந்த முதியவரைக் கேட்டோம். "எங்க பாட்டன் காலத்துக்கும் முந்தி இருக்குதுங்க. சாமிக் கல்லுங்க" என்றார்.

குழந்தை குனிந்து பார்த்து, "நம் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, அதே கோடரி!" என்று கூவினாள். உண்மைதான். தருமபுரி மாவட்டத்து மோதூரில் வெளிப்பட்ட புதிய கற்காலத்தைச் சேர்ந்த கருவிகளின் இனமே அவை. பல்லாயிரம் ஆண்டுப் பழைமை உடையவை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர் பின்னாளில் ஏற்காட்டில் வசித்தார். இம்மலையின் கற்கோடரிகளைத் தேடிச் சேர்த்தார். துரைக்கு முன் இங்கே மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று திரட்டியவரும் ஒரு துரைதான்! குறை நாம் சொல்லிக்கொடுக்கும் சரித்திரத்தில் இருக்கிறது.

திரும்பும் வழியில் குழந்தை தன் குறிப்புப் புத்தகத்தை நீட்டினாள். 'கண்டுபிடித்தவர்' என்பதை அடித்துவிட்டு, 'காப்பி கொண்டு வந்தவர்' என்று திருத்தியிருந்தாள். நாமும் அவ்வாறே திருத்திக்கொண்டோம்.