கடமானுக்கு இரண்டு மலைகள்

அவலாஞ்சி, நீலகிரி
மார்கழி

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய படங்களும் கடிதமும் வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலிய விக்டோரியா மலைக்காட்டில் மோப்ப நாய்களோடு வேட்டையாடும் பருவம் ஏப்ரல் முதல் தேதி தொடங்கி நவம்பரோடு முடிந்ததையும், உங்கள் குழுவுக்கு நல்ல வேட்டை அமைந்ததையும், உன் முதல் கடமானை நீயே தோலுரித்துப் பங்கு பிரித்ததையும் வரிவரியாக எழுதியிருந்தாய். கூட வந்தவர்களுக்கு, நாய் கொண்டுவந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று கொடுத்தது போக மீதியைத் தங்கச்சி மிளகு போட்டு வறுத்த படம் எல்லாவற்றையும் விட அழகு. அத்தனை மகிழ்ச்சிக்கும் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "அம்மா போனில் 'மானைக் கொல்றது பாவமில்லையா சாமி'ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. நீ என்ன நினைக்கிற?"

கோயமுத்தூரில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கடமானின் சொந்த ஊருக்கே வந்து எழுதுகிறேன்.

அவலாஞ்சி ஊட்டிக்குத் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் சரிவுகளைத் தாண்டி, எமரால்டு அணையைச் சுற்றிக்கொண்டு பாதை மேலே ஏறுகிறது. 1823-ல் இங்கே பெரிய மண்சரிவு நடந்தது. இந்தப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் இங்கே 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஓராண்டில் பெய்வதில் பாதிக்கும் மேல் இங்கே ஒரு நாளில் கொட்டித் தீர்த்தது. இப்போது மழை ஓய்ந்து, விடியற்காலையில் புல்வெளி முழுக்க உறைபனி. வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். கண்டபடி நடந்து திரிய அனுமதி இல்லை.

உள்ளே போனதும் என் கண்ணில் முதலில் பட்டது உன் ஊரின் மரம். கறுப்பு வாட்டில். உங்கள் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் சாதாரணமாக வளர்வது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக நீலகிரிக்கு யூக்கலிப்டஸையும் வாட்டிலையும் கொண்டுவந்தார்கள். பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக வனத்துறையே வாட்டிலைப் பரப்பியது. இன்று அது யாரும் நடாமலே பரவி, சோலைக்காடுகளுக்கு நடுவே இருந்த புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். குந்தா மின்நிலையங்கள் ஓடுவதும் பவானியில் தண்ணீர் வருவதும் அதனால்தான்.

அதே நூற்றாண்டில், 1860களில், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடமான்களைக் கப்பலேற்றி விக்டோரியாவில் விட்டார்கள். இங்கே கடமானைத் தின்னப் புலி உண்டு, செந்நாய்க் கூட்டம் உண்டு. அங்கே அந்த இரண்டும் இல்லை. அதனால் அது பெருகி, மலை உச்சியின் சதுப்பு நிலங்களை மிதித்துச் சேறாக்கி, இளமரங்களின் பட்டையைக் கொம்பால் உரித்து வீழ்த்துகிறது. அது உள்ளூர்த் தாவரங்களை அழிப்பதை ஓர் அச்சுறுத்தல் என்று விக்டோரியா அரசே சட்டப்படி பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்கள் மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் ஓர் ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் மான் எடுத்த ஆண்டுகள் உண்டு. அப்படியும் அது குறைந்தபாடில்லை. இங்கேயோ இதே கடமான், உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளதென்று செம்பட்டியலில் இருக்கிறது.

உன் அம்மாவின் கேள்விக்கு என் பதில் இங்கே தொடங்குகிறது. ஆனால் இதோடு முடியவில்லை.

நான் வந்த வண்டியில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்றும் இருந்தது: தாத்தா, பாட்டி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மூடுபனி இறங்கத் தொடங்கிய நேரம். படுகர் ஊர்க்காரரான ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். "சத்தம் வேண்டாங்க. காத்து நம்ம பக்கத்துல இருந்து அங்க போகுது. மோப்பம் புடிச்சா நிக்காது" என்றார் மெதுவாக. சோலை ஓரத்தில் ஆண் கடமான் ஒன்று. கழுத்தில் பிடரி மயிர் நனைந்து தொங்கியது. கொம்பில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளை. இது இணைசேரும் பருவம். சேற்றில் புரண்ட உடம்பு கறுத்திருந்தது. எங்களைப் பார்த்தது, முன்காலைத் தரையில் ஓங்கி மிதித்தது, வாலை உயர்த்தி ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சோலைக்குள் போனது. காற்று, மோப்பம், காலடி என்று ஓட்டுநர் சொன்னதெல்லாம் நீ உன் கடிதத்தில் எழுதியிருந்த அதே பாடம். வேட்டைக்காரன் கற்ற கல்விதான் அவரிடமும் இருக்கிறது. அவர் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறார்.

சிக்னல் கிடைத்ததும் பேரன் அப்பாவைக் கூப்பிட்டு, "கொம்பு இவ்ளோ பெருசுப்பா" என்று கையை விரித்துக் காட்டினான். போனில் கை தெரியாது என்பது அவனுக்கு நினைவில்லை. காட்டில் கண்டதை வீட்டாரோடு பகிராமல் மனிதனால் இருக்க முடியாது.

இந்த மலையில் அந்தப் பகிர்தலுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன் 1844 முதல் 1870 வரை நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் வேட்டையாடி நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதை அவர் சகோதரர் எட்வர்ட் ஹாமில்டன் தொகுத்து 1892-ல் லண்டனில் புத்தகமாக்கினார். 1911-ல் வயநாட்டுத் தோட்டத் துரை பிளெட்சர் நீலகிரி வேட்டையைப் பற்றி இன்னொன்று எழுதினார். கொம்புகளும் தலைகளும் மைசூருக்குப் போய், வான் இங்கன் நிறுவனத்தாரின் கையில் பாடம் செய்யப்பட்டு, பங்களாக்களின் சுவருக்கு வந்தன. ஊட்டி கிளப்பின் சுவர்களில் அவை இன்றும் இருக்கின்றன. காட்டுக்குள் வழிகாட்டி, மானை மடக்கிக் கொடுத்த இருளர்களுக்கும் குறும்பர்களுக்கும் அந்தக் கதைகள் பலவற்றில் பெயர்கூட இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். தோடர்களோ இதே புல்வெளியில் எருமை மேய்த்து, பாலையும் மோரையும் நெய்யையும் உண்டு, பெரும்பாலும் இறைச்சியைத் தொடாமல் கடமானோடு பல நூற்றாண்டு வாழ்ந்தவர்கள்.

சுட்டுக்கொண்டே போனதில் 1870களுக்குள் வரையாடும் கடமானும் அருகிவிட்டன. அப்போது சுட்டவர்களே கூடி 1877-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களின் முயற்சியில் 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்ன மாதங்களில் சுடக்கூடாது என்ற வரம்பும், பின்னர் உரிமமும் வந்தன. அந்தச் சட்டத்தில் நியாயம் பாதிதான். துப்பாக்கியும் உரிமமும் வைத்திருந்தவரின் வேட்டை விளையாட்டானது. கண்ணி வைத்த மலைவாசியின் வேட்டை திருட்டானது. என்றாலும் ஒரு பெரிய மாற்றம் அங்கே தொடங்கியது என்று நான் மனதார நம்புகிறேன். "எத்தனை சுட்டோம்" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள், "எத்தனை மீதி இருக்கிறது" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கம் பெயர் மாறி, நீலகிரி வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக இன்றும் இருக்கிறது.

அந்தக் கேள்வியை முழுமையாகக் கையில் எடுத்தவர் ஒரு தமிழர். ஈ.ஆர்.சி. டேவிதார், குன்னூர் வழக்கறிஞர். ஒரு காலத்தில் அவரும் வேட்டைக்காரர்தான். துப்பாக்கியை வைத்துவிட்டு அதே கால்களால், அதே பாறைகளில் ஏறி வரையாடுகளை எண்ணினார். 1963-ல் நீலகிரி வரையாட்டுக் கணக்கெடுப்பை வெளியிட்டார். 1970களில் அது வாழும் மலைகள் முழுவதையும் ஆராய்ந்து, மொத்தம் சுமார் 2,200 இருக்கும் என்று மதிப்பிட்டார். சீகூர் பள்ளத்தாக்கில் யானைகள் நடக்கும் வழியில் 'சீத்தல் வாக்' என்ற வீட்டைக் கட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். மகள் பிரியா டேவிதார் சூழலியல் அறிஞராகிப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வும் பாடமும் நடத்தினார். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு ஒரு வேட்டைக் குடும்பம் கொடுக்கக்கூடிய சொத்தில் இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஈ.ஆர்.சி. டேவிதார் நினைவாக அக்டோபர் 7-ஐத் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாக வைத்திருக்கிறது. வரையாடு நம் மாநில விலங்கு. 2024-ல் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தன, 2025-ல் 1,303. இந்த இரண்டு எண்களையும் படித்த அன்று, உன் முதல் கடமானைப் பற்றி நீ எழுதிய அதே துள்ளலோடு நான் வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன்.

சட்டம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. இன்று இங்கே கடமான் கறி வைத்திருந்தாலே சிறை. அதைச் சரி என்றே நினைக்கிறேன். இந்த மலையில் ஒரு கடமானைச் சுடுபவன் புலியின் தட்டிலிருந்தும் செந்நாய்க் குட்டிகளின் வாயிலிருந்தும் எடுக்கிறான்.

ஆனால் வேட்டையில் கிடைத்ததைப் பங்கு போடுவது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. கொல்லிமலை வல்வில் ஓரியை நினைத்துப் பார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வீழ்த்தியவன், தான் யாரென்று சொல்லாமலே, வழியில் கண்ட பாணர் கூட்டத்துக்குத் தான் கொன்ற மானின் கறியையும் கள்ளையும் கொடுத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வேட்டையை விட அந்தக் கொடைக்காகத்தான் அவனைப் புலவர் பாடினார். நீலகிரிக்குக் கீழே கூடலூர்ப் பக்கத்துக் காட்டில் காட்டுநாயக்கர் எனப்படும் பழங்குடியினரோடு வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் நூரித் பேர்ட்-டேவிட் எழுதியதைப் படித்திருக்கிறேன். பெரிய விலங்கு கிடைத்தால், வேட்டைக்குப் போனவர், போகாதவர் என்ற பேதமில்லாமல் குடியிருப்பு முழுவதும் பங்கு போகுமாம். கொன்றவனுக்கென்று தனிப் பெருமை அவர்களிடம் இல்லை. காடு கொடுத்தது, எல்லாரும் உறவு, எல்லாரும் தின்கிறோம். அவ்வளவுதான். நீ நாய்க்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் பங்கு கொடுத்ததை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே மாப்ளே, அம்மாவிடம் இப்படிச் சொல்: அந்த மலையில் கடமான் விருந்தாளி இல்லை, அழைக்காமல் இறக்கிவிடப்பட்டது. அது பெருகினால் அந்த மண்ணில் பிறந்த செடியும் தவளையும் சாகும். சட்டப்படி, உரிமத்தோடு, ஒரே குண்டில் வேதனை இல்லாமல் எடுத்து, வீணாக்காமல் ஊரோடு தின்கிறேன். இங்கே இருந்தால் அதே கடமானைக் காவல் காத்திருப்பேன். இரண்டும் ஒரே பொறுப்பு. விலங்கை மட்டும் பார்க்காமல் மலையையும் சேர்த்துப் பார்த்தால் அம்மாவுக்கு இது புரியும். கன்றைப் பிரிந்து தவிக்கும் பசு ஒன்றுக்காக விடிய விடிய விழித்திருந்தவர் அவர்.

உன்னிடம் கேட்க எனக்கும் இரண்டு காரியம் இருக்கிறது. படங்களில் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு நிறுத்தாதே. எந்த ஓடை, என்ன புல், சதுப்பில் எத்தனை தடம், வயிற்றில் என்ன இலை என்று ஒரு நோட்டில் எழுது. வேட்டை ஆணையத்திலிருந்து போனில் கணக்குக் கேட்டால் பொறுமையாக, உண்மையாகச் சொல். ஹாமில்டனின் பெருமைப் பேச்சை விட அவர் நாட்குறிப்புதான் இன்று பயன்படுகிறது.

அடுத்தது, வருகிற அக்டோபரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. 7ஆம் தேதிக்கு முன்னால் வந்துவிடு. வரையாடு வாழும் முக்குர்த்திப் பக்கம் போக வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மகனிடம் பைனாகுலரைக் கொடுத்து வரையாட்டை எண்ணச் சொல்வோம். குட்டி எத்தனை, கிடா எத்தனை என்று அவன் எண்ணட்டும். அம்மாவையும் கூட்டி வருகிறேன். குளிருக்கு ஸ்வெட்டர் இரண்டாக எடுத்து வை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
மாப்ளே